ஏரியா ஸ்டடீஸ் படிக்கலாமா? தில்லி எம்.ஏ., மொழி டிப்ளமா, வீட்டுப் பக்கத்துக் கல்லூரி: மூன்றையும் வைத்துப் பார்த்தபோது

2012இல் விடுமுறைக்கு விருதுநகர் வந்திருந்தபோது, அடுத்து ஏரியா ஸ்டடீஸ் படிக்கப் போகிறேன் என்று தெருமுனை டீக்கடை அண்ணனிடம் சொன்னேன். "எந்த ஏரியா தம்பி, வியாசர்பாடியா?" என்றார். ஜப்பான் பக்கம்ணே என்றதும் அங்கே வேலையா என்றார். இல்லண்ணே, அதைப் பற்றிப் படிக்கிறேன் என்றேன். ஏரியா ஸ்டடீஸ் என்றால் அதுதான், ஒரு நாட்டையோ பிராந்தியத்தையோ எடுத்துக்கொண்டு அதைப் பற்றி ஆராய்வது. டீயை ஆற்றிக்கொண்டே, "அப்ப வேலை?" என்றார். பதிமூன்று வருடமாகிறது, அந்தக் கேள்விக்கு இப்போதுதான் ஒழுங்கான பதில் சொல்லப் பார்க்கிறேன். அதுவும் அவருக்கில்லை, என் அக்கா மகளுக்கு.

அவள் மதுரையில் பி.ஏ. வரலாறு கடைசி வருடம். கொரிய நாடகம் பார்த்துக் கெட்டுப்போன ஆசை என்றுதான் முதலில் நினைத்தேன். பேசிப் பார்த்தால் கொரியா ஏன் இரண்டாக உடைந்தது, தென் கொரியாவில் ஏன் இத்தனை அமெரிக்க ராணுவம் என்று என்னைவிடத் தெளிவாகச் சொல்கிறாள். சரி, இது வேறு கேஸ் என்று உட்கார்ந்து கேட்டேன். அவள் முன்னால் மூன்று வழி இருந்தது. ஒன்று, நான் போன வழி: தில்லியில் சர்வதேச உறவு எம்.ஏ., பிறகு ஒரு பிராந்தியத்தை எடுத்துக்கொண்டு ஆய்வு. இரண்டு, நாட்டைப் பற்றிய பேச்செல்லாம் அப்புறம், முதலில் மொழி என்று ஒரு முழுநேர மொழிப் படிப்பு. மூன்று, சென்னையிலோ மதுரையிலோ வழக்கமான ஒரு எம்.ஏ. சேர்ந்துகொண்டு மாலையில் கொரியனோ ஜப்பானியமோ படிப்பது. "மாமா, நீங்க மறுபடி இருபத்தொண்ணுல இருந்தா எது எடுப்பீங்க?" என்றாள். உடனே பதில் வரவில்லை. என்னோடு படித்தவர்களையெல்லாம் மனதுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டியிருந்தது.

அதற்கு முன்னால், இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் வாதத்துக்கு அது வேண்டும். 1957இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை மேலே அனுப்பியது. அமெரிக்கா ஆடிப்போய் அடுத்த வருடமே ஒரு கல்விச் சட்டம் போட்டு, அறிவியல் கணிதத்தோடு சேர்த்து அந்நிய மொழிகளுக்கும் பணத்தைக் கொட்டியது. அங்கே பல்கலைக்கழகங்களில் பிராந்திய ஆய்வு மையங்கள் பெருகியது அந்தப் பணத்தில்தான். தமிழும் அதில் உண்டு. இன்றைக்கும் மதுரையில் அமெரிக்க மாணவர்கள் தங்கித் தமிழ் படிக்கிறார்கள், ஆட்டோக்காரரிடம் செந்தமிழில் பேரம் பேசி மிரள வைக்கிறார்கள். நம் பக்கத்தில் 1955இல் தில்லி சப்ரு ஹவுஸில் சர்வதேச ஆய்வுக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார்கள், 1970இல் அது ஜேஎன்யுவோடு, அதாவது ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு, இணைந்தது. நான் படித்தது அங்கேதான். 1962இல் சீனாவிடம் அடி வாங்கிய பிறகு 1964இல் தில்லி பல்கலைக்கழகத்தில் சீன ஆய்வு மையம் வந்தது. பக்கத்து வீட்டைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று ஒரு நாட்டுக்குத் தோன்ற முதலில் ஒரு அடி விழ வேண்டும் போல.

கவனிக்க வேண்டியது, அமெரிக்கர்கள் முதலில் மொழிக்குக் காசு கொடுத்தார்கள். தமிழகத்து அரசியலை ஆராய வருகிறவர் தமிழ் தெரியாமல் வந்தால் அங்கே அவர் ஆய்வாளரே இல்லை. நாங்கள் என்ன செய்தோம்? ஆங்கிலத்தில் ஜப்பானைப் படித்தோம், ஆங்கிலத்தில் ஜப்பானைப் பற்றி எழுதினோம்.

என் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். எம்.ஏ. முடித்து எம்.ஃபில்லுக்குக் கிழக்காசியா எடுத்தேன். தலைப்பு, ஜப்பான் இந்தியாவுக்குத் தரும் கடனுதவி. தில்லி மெட்ரோவின் முதல் கட்டச் செலவில் பாதிக்கு மேல் ஜப்பானியக் கடன், நம் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் அவர்கள் கடனில் வந்ததுதான், சென்னை மெட்ரோவும் அப்படியே. நல்ல தலைப்பு, இப்போதும் நம்புகிறேன். ஒன்றரை வருடம் உட்கார்ந்து அட்டவணை அட்டவணையாகப் போட்டு, ஒரு செமினாரில் வாசித்தேன். பின்வரிசையில் இருந்த பேராசிரியர் ஒருவர், கோபமெல்லாம் இல்லை, ரொம்ப மெதுவாகக் கேட்டார்: தங்கள் வரிப்பணம் தில்லி சுரங்கப்பாதைக்குப் போவதைப் பற்றி ஜப்பானியப் பத்திரிகைகள் என்ன எழுதின? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஒரு வருடம் ஜப்பானிய வகுப்புக்குப் போய், மொழித் தேர்வில் கீழிருந்து இரண்டாவது படியான என்4 வரை எழுதிவிட்டு, ஆய்வுக்கு நேரம் வேண்டும் என்று நிறுத்தியிருந்தேன். ஆய்வுக்காக மொழியை விட்டேன் என்பதைச் சொல்லும்போதே எவ்வளவு அபத்தமாக இருக்கிறது பாருங்கள். யாரும் என்னை நிறுத்தச் சொல்லவில்லை, நானாகவே செய்தது.

அந்த நாலு வருடத்தைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். விருதுநகரில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறி இரண்டு இரவு கழித்து நிஜாமுதீனில் இறங்கியபோது எனக்கு இந்தியில் எண்கள்கூடப் பத்துக்கு மேல் தெரியாது. பெரியார் விடுதி என்றதும், ஆகா வடக்கிலும் அய்யாவுக்கு மரியாதை என்று புல்லரித்துப்போய், பக்கத்தில் கங்கா, காவேரி, கோதாவரி, சபர்மதி என்றெல்லாம் விடுதிகள் இருப்பதைப் பார்த்தபின்தான் அது ஆற்றின் பெயர் என்று உறைத்தது. இதில் நான் மட்டும் ஏமாறவில்லை, தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒவ்வொரு வருடத்துப் பிள்ளைகளும் ஏமாந்திருக்கிறார்கள். வளாகத்தின் நடுவே பாறைகள் இருக்கும், பார்த்தசாரதி ராக்ஸ் என்று பெயர். முதல் துணைவேந்தர் ஜி. பார்த்தசாரதியின் பெயர். சென்னைக்காரர், சீனாவிலும் பாகிஸ்தானிலும் தூதராக இருந்தவர், மதராஸ் அணிக்குக் கிரிக்கெட்டும் ஆடியவர். முழுநிலா அன்று அந்தப் பாறையில் உட்கார்ந்து, கங்கா தாபா டீயோடு, மணிப்பூர்ப் பையன் ஒருவன் தன் ஊரிலிருந்து பர்மா எல்லை எத்தனை மணி நேரம் என்று சொல்லச் சொல்ல, எனக்கு அதுவரை தென்கிழக்காசியா என்பது வரைபடத்தில் ஒரு நிறம் மட்டுமாக இருந்தது புரிந்தது. இதை எந்த மாலை வகுப்பும் தராது. மெஸ்ஸில் வாரம் முழுக்க ராஜ்மாவும் ரொட்டியும் தின்று நாக்கு செத்த பிறகு ஆர்.கே.புரம் மலை மந்திருக்கு, முருகனைப் பார்க்கப் பாதி, பக்கத்தில் கிடைக்கும் சாம்பார் சாதத்துக்குப் பாதி என்று போவோம். கடவுள் மன்னிப்பார்.

ஆனால் நினைவுகளை வைத்து அக்கா மகளுக்கு வழி சொல்ல முடியாது. எனவே கணக்குக்கு வருகிறேன்.

எங்கள் வட்டத்தில் தமிழர்கள் ஏழு பேர். பிராந்திய ஆய்வு நாலு பேர், மொழிப் பள்ளியில் பட்டம் மூன்று பேர். இன்று நிலவரம்: பிராந்திய ஆய்வுக்காரர்களில் ஒருவர் வடக்கே ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர். ஒருவர் வங்கி அதிகாரி, ஈரோடு பக்கம். ஒருவர் யுபிஎஸ்சி எழுதி எழுதிக் கடைசியில் மாநில அரசு வேலையில் இருக்கிறார். நாலாவது நான், அதைப் பிறகு சொல்கிறேன். மொழிக்காரர்களில் ஜப்பானியம் படித்தவர் ஒரகடம் வட்டாரத்தில் உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்கு மொழிபெயர்ப்பாளர், எங்கள் எல்லோரையும்விட முதலில் வீடு வாங்கியவர். ருஷ்யன் படித்தவருக்கு மருந்து ஏற்றுமதியில் வேலை. சீனம் படித்தவர் கதை தனி.

ஏழு பேரை வைத்து ஒரு முடிவுக்கு வருவது ஆராய்ச்சி முறைப்படி தப்பு, தெரியும். ஆனாலும் முதல் சம்பளம் வந்த வயது என்று ஒரு கோடு போட்டால் மொழிக்காரர்கள் மூவரும் 22, 23இல் வாங்கிவிட்டார்கள். எங்கள் நாலு பேருக்கு 28, 29, 31, 33.

வெளியுறவுப் பணி விஷயத்தை முதலில் தட்டிக் கழித்துவிடுகிறேன், ஏனென்றால் எல்லா அப்பாக்களும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். ஜெய்சங்கர் படித்த இடம் என்பார்கள். உண்மைதான், அங்கே முனைவர் பட்டம் பெற்றவர், 1977இல் பணியில் சேர்ந்தவர். ஆனால் சிவில் சர்வீஸ் தேர்வுக்கு விண்ணப்பிப்பவர்கள் பத்து லட்சத்துக்கு மேல், எல்லாப் பணிகளுக்கும் சேர்த்துத் தேறுகிறவர்கள் ஆயிரம் பேர் சுமார், அதில் வெளியுறவுக்குப் போவது சில பத்துப் பேர். அதற்கு ஏரியா ஸ்டடீஸ்தான் வேண்டும் என்றும் இல்லை, பொறியியல் படித்தவர்களும் மருத்துவர்களும் போகிறார்கள். அரசியல் அறிவியலும் சர்வதேச உறவும் விருப்பப் பாடமாக இருப்பதால் கொஞ்சம் கை கொடுக்கும், அவ்வளவுதான். யுபிஎஸ்சி எழுதிய எங்கள் ஆள் ஓபிசி, ஒன்பது முறை எழுதலாம், 35 வயது வரை நேரம் இருக்கிறது என்ற தைரியத்திலேயே, தில்லியில் பயிற்சி மையங்கள் குவிந்திருக்கும் பழைய ராஜேந்தர் நகரில் ஒரு ஜன்னலில்லாத அறையில் இளமை முழுவதும் போய்விட்டது. இதில் ஒரு வேடிக்கை, வெளியுறவுப் பணிக்குத் தேர்வான பிறகும் ஒரு அந்நிய மொழியைக் கட்டாயமாகப் படிக்க வேண்டும். ஜெய்சங்கரே முதலில் மாஸ்கோவுக்குப் போய் ருஷ்யன் படித்தவர்தான்.

அடுத்து ஆய்வு, பேராசிரியர் வேலை. இது பொறுமைசாலிகளுக்கு. நான் படித்தபோது எம்.ஃபில்லுக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை. இப்போது எம்.ஃபில்லே இல்லை, 2022இல் யுஜிசி எடுத்துவிட்டது, எம்.ஏ. முடித்து நேராக பிஎச்.டி. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000, இரண்டு வருடம் கழித்து 42,000. நெட்டில் 'சர்வதேச மற்றும் பிராந்திய ஆய்வு' என்று தனிப் பாடமே உண்டு. கிடைத்தால் தில்லியில் கௌரவமாக வாழலாம், ஊருக்கும் அனுப்பலாம். கிடைக்காவிட்டால் அப்பா அனுப்ப வேண்டும்.

வேலைக்கு வரும்போதுதான் இந்தப் பட்டத்தின் முக்கியமான ஓட்டை தெரியும், இதை யாரும் சேரும்போது சொல்வதில்லை. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஏரியா ஸ்டடீஸ் என்று துறை அநேகமாக இல்லை. அரசியல் அறிவியல் இருக்கிறது, வரலாறு இருக்கிறது. உங்கள் பட்டம் அதற்குச் சமம் என்று நிரூபிக்க வேண்டும், இணைத்தன்மை என்பார்கள். நான் ஒரு விண்ணப்பத்துக்காக ஒரு அலுவலகத்தில் ஏறி இறங்கினேன். அங்கே இருந்தவர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல அரசியல் அறிவியல்னு எங்கயும் போடலயே" என்றார். எம்.ஏ. சான்றிதழில் இருக்கிறதே என்றால், "எம்.ஃபில்.ல இல்லயே" என்றார். நாலு முறை போனேன், ஐந்தாவது முறை போகவில்லை. உதவிப் பேராசிரியர் ஆன நண்பர் இந்தத் தொல்லை வேண்டாமென்று வடக்கிலேயே இருந்துவிட்டார். அவருக்கு அடிப்படைச் சம்பளம் 57,700இல் தொடங்கியது, நல்ல வேலை, ஆனால் அதற்கு முன்னால் ஆறு வருடம் ஒப்பந்த வேலை, ஒவ்வொரு செமஸ்டருக்கும் மறுபடி நேர்காணல். அக்கா மகள் இந்த வழிக்குப் போனால் எம்.ஏ. சான்றிதழில் அரசியல் அறிவியல் என்றோ வரலாறு என்றோ தெளிவாகப் பெயர் இருக்கிற படிப்பாகப் பார்த்துச் சேர வேண்டும். சின்ன விஷயம் மாதிரி இருக்கும். இல்லை.

தில்லியின் ஆய்வு நிறுவனங்கள் பற்றி ஒரு வரி: பேர் இருக்கும், சம்பளம் சுமார், ஒப்பந்தம் ஒரு வருடம். நானும் ஒன்றில் இருந்தேன். அடுத்த அறைக்காரர் எழுதியதை நான் மேற்கோள் காட்ட, நான் எழுதியதை அவர் காட்ட, இப்படியே ஒரு வருடம் ஓடிவிட்டது.

இப்போது மொழி. இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், மொழி படித்தவன் பிழைத்தான் என்று சொல்லி எழுந்துவிட்டால் அதுவும் பாதி உண்மைதான்.

ஜப்பானியத்துக்குச் சென்னையில் சந்தை இருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. ஒரகடத்தில் 2010இல் நிஸான் வந்ததோடு உதிரிபாகக்காரர்கள் வரிசையாக வந்தார்கள், ஆந்திர எல்லை தாண்டி ஸ்ரீ சிட்டியிலும் நிறைய ஜப்பானியத் தொழிற்சாலைகள். கொரியனுக்கு இன்னும் பழைய கதை, 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோவை வெளியே விட்டது, பிறகு ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங். அந்தச் சாலையில் கொரியப் பலகை வைத்த சாப்பாட்டுக் கடைகளைப் பார்த்தாலே தெரியும். மொழித் தேர்வு எழுதத் தில்லிக்குப் போக வேண்டியதில்லை, ஜப்பானியத்துக்கான ஜேஎல்பிடி சென்னையிலேயே நடக்கிறது, ஜூலையிலும் டிசம்பரிலும். என்5இல் தொடங்கி என்1 வரை ஐந்து படி. என்3 வரை உங்களை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், என்2 வாங்கியதும் அழைப்பு வர ஆரம்பிக்கும். இடையில் இருக்கிறது சீன எழுத்து மலை. அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பான் அரசு வைத்திருக்கும் பட்டியலில் மட்டும் 2,136. இந்த எழுத்தைக் கன்ஜி என்று சொல்ல வேண்டும், எங்கள் விடுதியில் எல்லோரும் கஞ்சி என்றுதான் சொல்வோம். இன்னைக்கு எத்தனை கஞ்சி குடிச்ச என்பதுதான் ராத்திரி விசாரிப்பு. நம் ஆட்களுக்கு ஒரு வசதி, வாக்கிய அமைப்பு கிட்டத்தட்டத் தமிழ் மாதிரியே, வினை கடைசியில், வேற்றுமை உருபு பின்னால். இந்திக்காரர்களும் இதையே சொல்வார்கள் என்பது வேறு. அதை வைத்துக்கொண்டு இரண்டும் ஒரே குடும்பம், கொரியர்களும் அப்பா அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று கிளம்பிவிடாதீர்கள். மொழியியலில் அது ஏற்கப்பட்ட விஷயம் இல்லை.

சரி, பாதி உண்மை என்றேனே. ஒரகடம் நண்பர் ஒருமுறை சொன்னது இது. வேலையில் சேர்ந்த புதிதில் உள்ளூர் சப்ளையர் ஒருவர் விலை ஏற்றிக் கேட்டிருக்கிறார். எதிரே இருந்த ஜப்பானிய மேலாளர் மூச்சை இழுத்துவிட்டு, "கென்தோ ஷிமாஸ்" என்றார். இவர் அகராதிப்படி, 'பரிசீலிக்கிறோம்' என்று மொழிபெயர்த்தார். சப்ளையர் சந்தோஷமாகப் போய் இரண்டு மாதம் காத்திருந்து, கடைசியில் வந்து இவரிடம் சண்டை போட்டார். அந்த இடத்தில் அந்தச் சொல்லுக்கு, அந்தப் பெருமூச்சோடு சேர்த்து, முடியாது என்று பொருள். பெண் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று நம்மூரில் சொன்னால் என்ன அர்த்தமோ அதேதான். மொழியை மட்டும் மூன்று வருடம் படித்தவருக்கு அது தெரியவில்லை. ஜப்பானிய நிறுவனங்களில் முடிவு எப்படிக் கீழிருந்து மேலே தாள் தாளாகச் சுற்றி முத்திரை வாங்கி வருகிறது, ஒரு மேலாளர் ஏன் நேருக்கு நேர் மறுக்க மாட்டார் என்றெல்லாம் நான் படித்திருந்தேன். எனக்கு அந்த வாக்கியம் காதில் விழுந்தால் புரியாது. இரண்டு பேரையும் ஒட்டினால் ஒரு முழு ஆள்.

மொழி வேலையின் இன்னொரு பக்கம், அதற்குக் கூரை தாழ்வு. முப்பத்தைந்து வயதிலும் நீங்கள் இரண்டு பேருக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்தான், உங்கள் கருத்தை யாரும் கேட்க மாட்டார்கள். திட்டு விழுந்தால் அதையும் நீங்கள்தான் மொழிபெயர்க்க வேண்டும். கணினி மொழிபெயர்ப்பு வந்த பிறகு ஆவண வேலையின் விலை விழுந்துவிட்டது என்று நண்பரே புலம்புகிறார். நேரில் நின்று பேசும் வேலை மட்டும் இன்னும் தாக்குப்பிடிக்கிறது. அதற்குத்தான் மேலே சொன்ன பெருமூச்சு புரிய வேண்டும்.

அப்புறம், எந்த நாடு என்பது. இதை மாணவர்கள் ஆசையை வைத்து முடிவு செய்கிறார்கள், தப்பில்லை, ஆனால் நீங்கள் படிக்கும் நாட்டுக்கும் நம் நாட்டுக்கும் சண்டை வந்தால் அடி உங்களுக்குத்தான். சீனம் படித்த நண்பர் ஒரு செயலி நிறுவனத்தில் நல்ல சம்பளத்தில் இருந்தார். 2020 ஜூன் 15இல் லடாக் எல்லையில் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள், அந்த மாத இறுதியில் 59 செயலிகளைத் தடை செய்தது அரசு, அடுத்த சில மாதத்தில் அவர் வீட்டில் இருந்தார். சீனாவில் படித்துக்கொண்டிருந்தவர்கள் கொரோனாவில் ஊருக்கு வந்து திரும்ப முடியாமல் 2022 வரை மாட்டிக்கொண்டார்கள். நண்பர் பிழைத்தது தைவான்காரர்களால், இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் இருக்கிறார். தைவானில் சீன எழுத்து வடிவம் வேறு என்பதால் அதை மறுபடி படித்தார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், சீனம் தெரிந்தவர்கள் நம் நாட்டில் குறைவு, உறவு கெட்டால் ஆய்வு நிறுவனங்களிலும் பாதுகாப்புத் துறையிலும் அவர்களுக்குத் தேவை கூடவே செய்கிறது. 1962க்குப் பிறகும் அதுதான் நடந்தது. ருஷ்யனும் அப்படித்தான். எங்களுக்கு மூத்தவர்கள் 1991இல் சோவியத் உடைந்தபோது படித்த மொழியை மடித்து வைத்தார்கள். பிறகு கூடங்குளம் வந்தது, அதன் ஒப்பந்தம் 1988இலேயே போட்டதுதான், அணு உலையோடு ருஷ்யப் பொறியாளர்களும் வர, திருநெல்வேலிக் கடற்கரையில் ருஷ்ய மொழிபெயர்ப்பாளர் வேலை இருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

மூன்றாவது வழிக்கு வருகிறேன். இங்கேயே இருந்து படிப்பது. இதை நான் முதலில் கேலியாகத்தான் நினைத்தேன், இப்போது அப்படி நினைக்கவில்லை, ஏனென்றால் நானே கடைசியில் இந்த வழியில்தான் கரையேறினேன். 29 வயதில் தில்லியைக் காலி செய்துகொண்டு சென்னை வந்து, பகலில் ஒரு பத்திரிகை வேலை, மாலையில் கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து ஜப்பானியம். வகுப்பில் என்னை எல்லோரும் அங்கிள் என்றார்கள். மூன்று வருடத்தில் என்2. இப்போது இங்கே வர நினைக்கும் ஜப்பானிய நிறுவனங்களுக்கு நிலம், தொழிலாளர் சட்டம், உள்ளூர் அரசியல் எல்லாவற்றையும் விளக்கி அறிக்கை எழுதுகிற வேலை. தில்லியில் படித்ததெல்லாம் இப்போதுதான் காசாகிறது. 22 வயதில் செய்திருந்தால் ஏழு வருடம் மிச்சம்.

இந்த வழியின் குறை, உங்களைச் சுற்றி யாரும் அந்த நாட்டைப் பற்றிப் பேச மாட்டார்கள். பாறை கிடையாது, மணிப்பூர்ப் பையன் கிடையாது, நூலகம் கிடையாது. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, இலங்கை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வுக்கென்று மையம் இருந்து, பேராசிரியர் வி. சூரியநாராயண் போன்றவர்கள் கச்சத்தீவு, மீனவர், அகதிகள் பற்றியெல்லாம் எழுதினார்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் தெற்காசிய ஆய்வு இருக்கிறது. இலங்கையை ஆராய ராமேஸ்வரமும் மண்டபம் அகதி முகாமும் பக்கத்திலேயே இருக்கும்போது தில்லிக்கு எதற்குப் போக வேண்டும்? ஆனால் ஒரு கேள்வி: இங்கே இலங்கையைப் படிக்கிறவர்களில் சிங்களம் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? நான் சந்தித்த ஒருவருக்கும் தெரியாது. தமிழ் போதும் என்று நினைக்கிறோம், கொழும்பில் முடிவுகள் எந்த மொழியில் எடுக்கப்படுகின்றன என்பதை மறந்துவிட்டு. சிங்களம் தெரிந்த ஒரு தமிழ்நாட்டு ஆய்வாளர் இன்று வந்தால் அவருக்குப் போட்டியே இருக்காது. இதை அக்கா மகளிடம் சொன்னேன், அவளுக்கு ஆர்வமில்லை. வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாடு? லண்டனில் எம்.ஏ. என்றால் கட்டணமே இருபதாயிரம் பவுண்டுக்கு மேல், எங்கள் குடும்பத்துக்கு அது பேச்சே இல்லை. ஆனால் கொரிய அரசும் ஜப்பான் அரசும் முழு உதவித்தொகை தருகின்றன, கொரியாவில் ஒரு வருட மொழிப் பயிற்சியும் அதிலேயே அடக்கம். அதற்குக் கையில் ஏற்கெனவே கொஞ்சம் மொழி இருந்தால் எடை கூடும்.

இதையெல்லாம் வைத்து அவளிடம் நான் சொன்னது: முழு மொழிப் பட்டம் வேண்டாம், பிளஸ் டூ முடித்தவர்களுக்கு அது சரி, உனக்கு மறுபடி முதல் வருடத்திலிருந்து ஆரம்பம். தம்பி பிளஸ் ஒன்னில் இருக்கிறான், அவனுக்கு ஆசையிருந்தால் அவனை அனுப்பு. உனக்கு நடுவழி ஒன்று இருக்கிறது, தில்லி பல்கலைக்கழகக் கிழக்காசியத் துறையில் பட்டதாரிகளுக்கான தீவிர மொழி டிப்ளமா, ஒரு வருடம் முழுநேரம். அதைப் படித்துவிட்டு எம்.ஏ.வுக்குப் போ. எம்.ஏ.வுக்கு ஜேஎன்யு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேர், கிடைக்காமல் தனியார் பல்கலைக்கழகம் லட்சக்கணக்கில் கேட்டால் சேராதே, மதுரையிலேயே எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டு மொழியை விடாமல் பிடித்துக்கொள். எது செய்தாலும் 25 வயதுக்குள் என்2 அல்லது கொரியனில் டோபிக் தேர்வில் ஐந்தாம் நிலை. அது இல்லாமல் பிஎச்.டி. பேச்சை எடுக்காதே.

அக்காவுக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை. "பி.எட். படிச்சா டீச்சர் ஆயிடலாம், இவன் ஒருத்தன் தில்லிக்குப் போயி நாப்பது வயசுல வேலைக்குப் போனது போதாதா?" என்றாள். நாற்பது இல்லை அக்கா, இப்போதைய வேலைக்கு முப்பத்திரண்டு என்றேன். ரொம்ப வித்தியாசம்தான் என்றாள்.

போன வாரம் அக்கா மகளே கூப்பிட்டாள். கொரியனா ஜப்பானியமா என்று இன்னும் முடிவாகவில்லையாம், ஆனால் ஹங்குல் எழுத்து நாலு நாளில் வந்துவிட்டது, ஜப்பானியத்தில் இன்னும் ஹிரகானா எழுத்திலேயே நிற்கிறாளாம். "மாமா, அந்தக் கஞ்சி எத்தனைன்னு சொன்னீங்க?"

2,136 என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, கொரியனில் அது தேவையில்லைதானே என்றாள். செய்தித்தாள் படிக்கத் தேவையில்லை, பழைய ஆவணம் படிக்க வேண்டுமென்றால் தேவைப்படும் என்றேன். எவ்வளவு பழைய ஆவணம் என்று கேட்டாள்.